நிகர எடை

புதுவயலில் கடல் இல்லை.
உமி இருக்கிறது, குன்று குன்றாய்.
புழுங்கல் வேகும் ஆவி இருக்கிறது.
எங்கள் மில் வாசலில் அறுபது டன் எடைமேடை,
அதை ஒட்டிய கண்ணாடி அறையில்
ராத்திரி ஷிப்டுக்கு நான்.

லாரி ஏறும். பாரத்தோடு ஓர் எடை.
இறக்கிவிட்டு வரும். காலியாக ஓர் எடை.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து
கறகறவென்று சீட்டு அடிக்கும் பிரிண்டர்.
ஒருதரம் நிறுத்ததை இங்கே யாரும் நம்புவதில்லை.

பதினொன்று ஐம்பதுக்குக்
கரையோர நிலையம் பேசத் தொடங்கும்,
ஐந்நூற்றுப் பதினெட்டு கிலோஹெர்ட்ஸில்.
பேச்சு என்றா சொன்னேன்?
ஒரு சில்வண்டு இரண்டே சுருதியில் அடம்பிடிக்கும், அவ்வளவுதான்.
தபாலில் வந்த ரேடியோக் குச்சி,
தகரக் கூரைமேல் இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி,
முதலாளி கழித்துப்போட்ட மடிக்கணினி:
இதுதான் என் கப்பல்.

இசட் சி இசட் சி. வருகிறது, கவனி.
அடுத்து நாலே குறி:
சொல்வது யார், எதைப் பற்றி, எத்தனையாவது.
ஏ என்றால் வழியில் இடர்,
விளக்கு அணைந்த மிதவை, அறுந்து அலையும் மரம்.
பி என்றால் புயல். டி என்றால் தேடல்.
வேண்டாத தலைப்புகளை மாலுமி அடைத்துவைக்கலாம்.
இவற்றை முடியாது,
கருவி ஒப்புக்கொள்ளாது.

ஒவ்வோர் எழுத்தும் இரண்டு தரம் வரும்,
கால் நொடி விட்டு.
முதலாவது கெட்டால் இரண்டாவது.
இரண்டும் கெட்டால் அங்கே ஒரு நட்சத்திரம்.
தெரியாததைத் தெரிந்ததாகப் போட்டு நிரப்பாது.
அது எனக்குப் பிடித்திருந்தது.

"கப்பல்ல ஒனக்கு யாரும்மா இருக்கா, ராக்கு?"
திருவாடானை நெல்லோடு வந்த சவரிராயன் கேட்டார்.
யாருமில்லை என்றேன்.
வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே சிரித்தார்:
"போகாத ஊருக்கு வழி கேக்குறே."

ஐப்பசியில் ஒரு வியாழன், டி வந்தது.
நீல விசைப்படகு. ஆறு பேர்.
இரண்டு நாளாய்க் கரை திரும்பவில்லை.
அவ்வழி செல்லும் கப்பல்கள் கண்வைக்கவும்.
கடைசியாகக் கண்ட இடம்
வடக்கே பத்து பாகை, கிழக்கே எண்பது பாகை,
நிமிடம்
இரண்டு நட்சத்திரம்.

எங்கள் பாலிஷ் மோட்டார் தின்ற எண்கள்.
அது ஓடினால் என் திரையில் மணல் கொட்டும்.
கடலில் இருப்பவர்களுக்கு முழுசாய்ப் போயிருக்கும்,
அங்கே அரிசி தீட்டுபவர் யாருமில்லை.
தெரியும். ஆனாலும்

மூன்று நாற்பத்தெட்டுக்கு எழுந்துபோய்
பாலிஷர் சுவிட்சை இறக்கினேன்.
உள்ளிருந்து கத்தினார் ஃபோர்மேன் ஆண்டியப்பன்.
ஃபியூஸ் போச்சுண்ணே என்றேன்.
பத்து நிமிடம் மில்லில் நாய் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.
எண் வந்தது: முப்பத்தேழு.
இரண்டு தரமும் முப்பத்தேழு.
கையில் அகப்பட்ட எடைச் சீட்டின் பின்னால் எழுதினேன்.
அதை வைத்து நான் என்ன செய்ய?
மேடையில் எதுவும் ஏறவில்லை.
சிவப்பு எழுத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

வெள்ளி இரவு, அதே தகவலின் எண்ணைச் சொல்லி
ஒற்றை வரி:
ரத்து.
பிறகு என் என் என் என். முடிந்தது.

கிடைத்துவிட்டார்களா, தேடுவதை விட்டுவிட்டார்களா?
இரண்டுக்கும் அதே சொல்தான்.
கப்பலுக்கு அது போதும்,
இனி அந்தப் பக்கம் கண் வேண்டாம்.
ஒரு நட்சத்திரம்கூட விழாமல்
அத்தனை சுத்தமாய் வந்திருந்தது.

சனிக்கிழமை சீட்டுகளைச் சரிபார்த்த கணக்கர் நாச்சியப்பன்
ஒன்றைத் திருப்பிப் பிடித்து,
"இந்த முப்பத்தேழு எந்த வண்டி?" என்றார்.

இன்னும் வரவில்லை என்றேன்.